வாயிலிருந்து மூளைக்கு: பேச்சு மொழிச் சிகிச்சை பயில்வோருக்கான மூளை உடற்கூறு

மூளை உடற்கூற்றைப் பாடநூல்கள் மேலிருந்து தொடங்குகின்றன. பெருமூளை, அதன் இரு அரைக்கோளங்கள், நான்கு மடல்கள், அவற்றின் மேடு பள்ளங்கள் என்று இறங்கி, கடைசி அத்தியாயத்துக்கு முன்புதான் மூளைத்தண்டும் மண்டை நரம்புகளும் வருகின்றன. அதற்குள் பருவத்தேர்வு நெருங்கிவிடுவதால் அந்தப் பக்கங்கள் அவசரமாகப் புரட்டப்படுகின்றன. மருத்துவம் படிப்பவருக்கு இந்த வரிசை ஒத்துவரலாம். பேச்சு மொழிச் சிகிச்சை படிப்பவருக்கு இது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. நம்மிடம் வருபவர் மடல்களைச் சுமந்துகொண்டு வருவதில்லை. கோணிய வாயையும் குழறும் நாக்கையும் புரையேறும் தொண்டையையும் கொண்டு வருகிறார். ஆகவே வாயில் தொடங்கி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைத்தண்டுக்கு ஏறி, அங்கிருந்து பெருமூளையின் மேலடுக்கான புறணியைச் சென்றடைவதே நமக்கு உகந்த வழி.

மலைப்பகுதியில் பணிபுரிபவருக்கு இந்த வரிசை இன்னும் பொருந்தும். பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், அவர் கூடலூர் கடந்து உதகைக்கோ, அதற்கும் கீழே கோயம்புத்தூருக்கோ வரவேண்டியிருக்கிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தோன்றிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், கொண்டை ஊசி வளைவுகளில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைத் திசுவின் கணக்கில் கழிகிறது. அந்த நேரம் தப்பியபின், சில நாள்களோ சில வாரங்களோ கழித்து நம் முன்னால் வந்து அமர்பவரிடம் ஸ்கேன் படம் இருக்கலாம். மடித்துக் கசங்கிய ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டுமே இருக்கவும் கூடும். அப்போது சேதம் எங்கே என்பதற்கு முகமும் நாக்கும் குரலும்தான் சாட்சி.

கோத்தகிரி அருகே கொழுந்து பறிக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். "காலையில டீ குடிக்கிறப்போ வாய் கோணிடுச்சுங்க, அப்புறம் பேச்சே குழறுது" என்கிறார் மகள். இந்த ஒரு வாக்கியத்திலேயே முதற்கேள்வி எழுகிறது: கெட்டது பேச்சா, மொழியா? "அம்மா, உங்க கண்ணை மூடுங்க, அப்புறம் மூக்கைத் தொடுங்க" என்று கைச்சாடை காட்டாமல் சொல்லும்போது அவர் சரியாகச் செய்கிறார்; "நீங்க ஊட்டியிலயா குடியிருக்கீங்க?" என்றால் தலையசைத்து மறுக்கிறார்; பேரப்பிள்ளைகளின் பெயர்களை, உருக்குலைந்த ஒலியில் ஆனாலும், மாறாமல் சொல்கிறார். அப்படியென்றால் சொற்களும் இலக்கணமும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஒலியாக்கும் தசைகளும் அவற்றை இயக்கும் நரம்புவழிகளும்தான் கெட்டிருக்கின்றன. இதற்கு டிஸார்த்ரியா என்று பெயர். சொல்லே கிடைக்காமலோ, கேட்ட சொல் புரியாமலோ போயிருந்தால் அது அஃபேசியா. டிஸார்த்ரியாவுக்கான சேதம் புறணி முதல் தசை வரை எங்கும் இருக்கலாம். அஃபேசியாவுக்கான சேதமோ, பெரும்பாலும், இடப்பக்கப் பெருமூளையில் இருக்கும்.

12 இணை மண்டை நரம்புகளில் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் இயக்க நரம்புகளாக நாம் நாள்தோறும் தேடுபவை 5, 7, 9, 10, 12 ஆகிய ஐந்து. கேட்டலுக்கான 8-ஆம் நரம்பு தனிப் பாடம். கழுத்தையும் தோளையும் அசைக்கும் 11-ஆம் நரம்புக்குப் பேச்சில் பங்கு குறைவு. 5-ஆம் நரம்பு உணவை மெல்லும்படி தாடையை அசைக்கிறது, முகத்தின் தொடுவுணர்வையும் எடுத்துச் செல்கிறது. 7-ஆம் நரம்பு உதடு, கன்னம், நெற்றி, கண்ணிமை மூடல் ஆகியவற்றுக்கு உரியது. இவ்விரண்டின் இயக்க உட்கருக்களும், அதாவது அந்நரம்புகள் புறப்படும் நரம்பணுத் திரள்களும், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் உள்ளன. 9, 10 ஆகியவை அண்ணம், தொண்டை, குரல்வளை ஆகியவற்றை இயக்க, 12 நாக்கை இயக்குகிறது. இவற்றின் உட்கருக்கள் அதற்குக் கீழேயுள்ள முகுளத்தில் இருக்கின்றன. இந்த ஒரே செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டாலே, முகம் மட்டும் கெட்டவரையும் குரலும் விழுங்கலும் சேர்ந்து கெட்டவரையும் பார்த்தவுடன் மூளைத்தண்டில் எந்த உயரத்தைச் சந்தேகிப்பது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பெண்மணியை "ப-த-க, ப-த-க" என்று வேகமாகச் சொல்லச் சொல்கிறோம். "ப" தடுமாறினால் உதடு, அதாவது 7. "த" தடுமாறினால் நாக்கு நுனி, "க" தடுமாறினால் நாக்கின் பின்பகுதி, இரண்டும் 12. அண்ணம் தூக்கி மூக்குவழியை அடைக்காவிட்டால் காற்று மூக்கால் ஒழுகி, "பாட்டி" என்பது "மாட்டி" போலவும் "பாப்பா" என்பது "மாம்மா" போலவும் கேட்கும்; அது 10-ஆம் நரம்பின் குறை. வாயைத் திறந்து "ஆ" என்னச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால், பலவீனமான பக்கம் தொங்க, உள்நாக்கு நலமான பக்கம் இழுபடுவது தெரியும். நாக்கில் இது நேர்மாறு. நாக்கை நீட்டும்போது நலமான பக்கத்துத் தசை முன்தள்ள, பலவீனமான பக்கம் தள்ள முடியாததால், நாக்கு பலவீனமான பக்கமே சாயும். இவ்விரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது வழக்கம். அண்ணம் இழுக்கும் உறுப்பு, நாக்கு தள்ளும் உறுப்பு என்று பொருளோடு புரிந்துகொண்டவர் குழம்புவதில்லை. தமிழில் "ழ", "ள", "ற" மூன்றுக்கும் நாக்கின் நுனி வெவ்வேறு இடங்களில் வேலை செய்வதால், 12-ஆம் நரம்பின் சிறு குறைகூட முதலில் இவற்றில்தான் காதில் படும். இதே மலையில் பேசப்படும் தோடர் மொழியில், நாக்கை அதிரவைக்கும் ரகர ஒலிகளே மூன்று இடங்களில் வேறுபட்டுப் பிறக்கின்றன. அம்மொழி பேசுபவரின் நாக்கைச் சோதிக்க நம் தமிழ்ச் சொற்பட்டியல் போதாது.

குரல்வளைக்குச் செல்லும் 10-ஆம் நரம்பின் கிளை ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது நேரே குரல்வளைக்குப் போகாமல் முதலில் மார்புக்குள் இறங்கி, இடப்பக்கம் மகாதமனியின் வளைவுக்கு அடியிலும், வலப்பக்கம் தோளுக்குச் செல்லும் தமனிக்கு அடியிலும் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறித் தைராய்டு சுரப்பியின் ஓரமாகக் குரல்வளையை அடைகிறது. இடப்பக்கக் கிளை நீளமானது. அதனால் நுரையீரல் கட்டி, மகாதமனி வீக்கம், தைராய்டு அறுவைச் சிகிச்சை என எதுவும் குரலைக் கரகரக்கச் செய்துவிடக்கூடும். குரல் கெட்டவரின் மூளையை மட்டும் சந்தேகித்துக்கொண்டு, அவர் கழுத்தில் இருக்கும் தழும்பைப் பார்க்காமல் விடுவது நம் துறையில் நடக்கக்கூடாத ஒன்று.

இனி நரம்பிலிருந்து ஒரு படி மேலே. மூளைத்தண்டு உட்கருவிலிருந்து தசைக்குச் செல்வது கீழ் இயக்க நரம்பணு; புறணியிலிருந்து அந்த உட்கருவுக்கு ஆணை கொண்டுவருவது மேல் இயக்க நரம்பணு. கீழுள்ளது கெட்டால் தசை தளரும், இளைக்கும். நாக்கின் மேற்பரப்பில் புழு நெளிவது போன்ற துடிப்பு தெரியும். மேலுள்ளது கெட்டால் தசை இறுகும், அசைவு மெதுவாகும், ஆனால் இளைப்பு பெரிதாக இருக்காது. இந்தப் பெண்மணியிடம் "நெற்றியைச் சுருக்குங்க" என்கிறோம். இரு புறமும் ஒரே அளவில் சுருங்குகிறது. "பல்லைக் காட்டுங்க" என்றால் வலது வாயோரம் மட்டும் ஏறவில்லை. நெற்றிக்கு இரு அரைக்கோளங்களிலிருந்தும் ஆணை வருகிறது, கீழ் முகத்துக்கோ பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே இவருக்குக் கெட்டது நரம்பு அல்ல, அதற்கு மேலுள்ள வழி, அதுவும் இடப்பக்கத்து வழி. நெற்றியும் சேர்ந்து செயலற்று, கண்ணும் மூடாமல் இருந்திருந்தால், அது பெல் வாதம் போன்ற முகநரம்புச் சேதமாக இருந்திருக்கும். பார்க்கப் பத்து நொடிகூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல், வாய் கோணிய எல்லாரையும் பக்கவாதம் என்று எழுதிவிடுபவர்கள் உண்டு.

கீழ் முகமும், ஓரளவு நாக்கும் நீங்கலாக, பேச்சுறுப்புகளின் உட்கருக்கள் எல்லாவற்றுக்கும் இரு அரைக்கோளங்களிலிருந்தும் ஆணை வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஒரு சாலையும் கோத்தகிரிக்கு மற்றொரு சாலையும் இருப்பதை நீலகிரிக்காரர்கள் அறிவார்கள். ஐப்பசி மழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரிச் சாலையில் வண்டிகள் திருப்பிவிடப்படும். நெரிசலும் தாமதமும் இருக்கும், ஆனால் மலை துண்டிக்கப்படாது. ஒருபக்கப் பக்கவாதத்தில் குரலும் விழுங்கலும் பெரும்பாலும் தப்பிப்பதும், குழறல் சில வாரங்களில் தெளிவதும் இதனால்தான். இரண்டு சாலைகளும் அடைபட்டால் கதை வேறு. முன்பு ஒரு பக்கம் சிறிய பக்கவாதம் வந்து தேறியவருக்கு, பிறகு மறுபக்கமும் வரும்போது, இரண்டாவது சேதம் சிறியதாக இருந்தாலும் பேச்சு நெரிபட்டு, விழுங்க முடியாமல், காரணமின்றிச் சிரிப்பும் அழுகையும் பொங்கும். இதைச் சூடோபல்பார் வாதம் என்பார்கள். அந்த அழுகையைத் துக்கம் என்று எண்ணிக் குடும்பத்தார் தேற்றுகிறார்கள். அது துக்கமாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் நம் வேலை.

புறணியிலிருந்து இறங்கும் இந்த இழைகள் எல்லாம் பெருமூளையின் ஆழத்தில் இன்டர்னல் கேப்சூல் என்ற மிகக் குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. முகத்துக்கும் நாக்குக்கும் உரியவை அதன் வளைவிலும் அதை ஒட்டிய பின்பகுதியிலும், கை கால்களுக்கு உரியவை அதற்கும் பின்னால். இந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுவருபவை நடுப் பெருமூளைத் தமனியிலிருந்து செங்குத்தாகக் கிளைக்கும் மெல்லிய குழாய்கள். நீடித்த ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் முதலில் கெடுப்பவற்றில் இவையும் அடங்கும். இங்கு ஏற்படும் 15 மில்லிமீட்டருக்கும் குறைவான சேதம்கூட முகம், கை, கால் மூன்றையும் ஒரே பக்கமாக வீழ்த்தப் போதுமானது. புறணியிலோ அதே அளவுச் சேதம் வெறும் விரல்களோடு நின்றுவிடலாம். நம் பெண்மணிக்கு வலது கையும் காலும் முகத்தோடு சேர்ந்து விழுந்து, மொழி மட்டும் கெடாமல் இருந்தால், இடது இன்டர்னல் கேப்சூலை முதலில் எழுதலாம்.

முகுளத்தின் பக்கவாட்டில் வரும் சேதம் இதற்கு எதிர்மாறு, அதனாலேயே ஆபத்தானது. முதுகெலும்புத் தமனியோ, சிறுமூளையின் பின்கீழ்த் தமனியோ அடைபடும்போது, 9, 10 ஆகிய நரம்புகளுக்குப் பொதுவான இயக்க உட்கரு கெட்டுக் குரல் கரகரக்கும், விழுங்க முடியாது, தலைசுற்றும், நடை ஒருபக்கமாகத் தள்ளும், விக்கல் நிற்காது. கை கால்களின் வலு அப்படியே இருக்கும். "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் கஞ்சியும் தேநீரும் கொடுத்துவிடுவார்கள். நீர்த்த திரவம் கட்டுக்குள் நிற்காமல் நுரையீரலுக்குள் இறங்கும். இருமல் வராவிட்டால் பத்திரம் என்றும் எண்ண முடியாது, ஏனென்றால் தொண்டையின் உணர்வு கெட்டவருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராமல் போகலாம். குடித்தபின் குரல் ஈரமாகக் களகளக்கிறதா என்று கேட்பது ஓர் அடையாளம். உறுதிசெய்ய வீடியோ எக்ஸ்ரே சோதனையோ எண்டோஸ்கோப்பியோ வேண்டும்.

சிறுமூளையையும், பெருமூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களான பேசல் கேங்லியாவையும் (basal ganglia) இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன். இரண்டும் தாமாக ஆணையிடுவதில்லை, ஆணையைச் சீர்செய்கின்றன. சிறுமூளை கெட்டால் அசைகளின் காலக்கணக்கு தவறி, ஒவ்வோர் அசையும் சம அழுத்தத்தோடு பிரிந்து விழும். தமிழில் "பல்", "பால்" என்ற குறில் நெடில் வேறுபாடே மங்கிவிடலாம். பேசல் கேங்லியாவுக்கு டோபமைன் அனுப்பும் நடுமூளைச் செல்கள் அழியும் பார்க்கின்சன் நோயில் குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் போய், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். 1969-இல் டார்லி, ஆரன்சன், பிரௌன் ஆகிய மூவரும் டிஸார்த்ரியாவைக் காதால் கேட்டே வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையையும் நரம்பு மண்டலத்தின் ஓர் இடத்தோடு பொருத்தினார்கள். இன்றும் வகுப்பில் கற்பிக்கப்படுவது அடிப்படையில் அந்தப் பகுப்புதான்.

இப்போது புறணிக்கு வந்துவிட்டோம். மடல்களில் நமக்கு முதலில் வேண்டியது ஒரு பள்ளம்: நெற்றி மடலையும் சுவர் மடலையும் கீழேயுள்ள பொட்டு மடலிலிருந்து பிரிக்கும் சில்வியப் பள்ளம். மொழிக்குரிய இடங்கள் பெரும்பாலும் இடப்பக்கத்தில் இதன் கரைகளைச் சுற்றியே இருக்கின்றன. முன்கரையில், நெற்றி மடலின் கீழ்மேட்டில் புரோக்கா பகுதி. பின்கரையில், பொட்டு மடலின் மேல்மேட்டின் பின்புறம் வெர்னிக் பகுதி. பள்ளத்தின் உட்புறம் மறைந்திருக்கும் மேட்டில் கேட்டலுக்கான முதன்மைப் புறணி. பின்கரைக்கு மேலே சுவர் மடலில், வாசிப்பிலும் எழுத்திலும் பங்குள்ள இரு மேடுகள். வலக்கைக்காரர்களில் 100-க்கு 95 பேரளவில் மொழி இடப்பக்கத்தைச் சார்ந்திருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் பெரும்பான்மையோருக்கு அப்படித்தான்.

இந்த இடங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, அவற்றுக்கு ரத்தம் தரும் தமனியோடு சேர்த்துப் படிப்பது நல்லது. நடுப் பெருமூளைத் தமனியின் மேற்கிளை புரோக்கா பகுதிக்கும், முகத்துக்கும் கைக்கும் உரிய இயக்கப் புறணிக்கும் சேர்ந்தே ரத்தம் தருகிறது. அதனால்தான் திக்கித் திணறிப் பேசும் புரோக்கா வகை அஃபேசியாக்காரருக்குப் பெரும்பாலும் வலது கையும் விழுந்திருக்கிறது. கீழ்க்கிளை வெர்னிக் பகுதிக்குச் செல்கிறது. அது மட்டும் அடைபட்டால் கையும் காலும் நன்றாக இருக்கும், வாய் கோணாது, பேச்சு தங்குதடையின்றி ஓடும், ஆனால் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் புரியாது. தனக்குக் குறை இருப்பதே பல வேளைகளில் தெரியாது. இத்தகையவரைப் பார்க்கும் வீட்டார் பக்கவாதத்தை நினைப்பதே இல்லை. சித்தம் கலங்கிவிட்டது என்றோ, காத்து கருப்பு அண்டிவிட்டது என்றோ முடிவுகட்டிக் கோயிலுக்கும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்கிறார்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று காலை திடீரெனப் பொருளற்றுப் பேசினால், அது மூளையின் ரத்தக்குழாயாக இருக்கலாம் என்ற செய்தி தோட்டங்களுக்கும் படுகர் ஊர்களான அட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பது எனக்கு ஐயமே.

புரோக்கா பகுதியின் பெயரில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா ஆராய்ந்தது, பல ஆண்டுகளாக "டான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்லிவந்த லெபோர்ன் என்பவரின் மூளையை. அவர் அதை வெட்டிப் பார்க்காமல் முழுதாகவே பாதுகாத்து வைத்தார். அந்த மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சேதம் மேற்பரப்பில் நிற்காமல், சில்வியப் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் இன்சுலாவையும் ஆழத்திலுள்ள வெண்ணிற இழைக்கற்றைகளையும் தாக்கியிருந்தது தெரியவந்தது. புரோக்கா பகுதி மட்டும் கெட்டவர்களுக்கு நீடித்த புரோக்கா அஃபேசியா வருவதில்லை என்பதும் இன்று ஏற்கப்பட்டுள்ளது. கார்ல் வெர்னிக் 1874-இல் தம் 26-ஆம் வயதிலேயே, மொழி ஓரிடத்தில் குடியிருப்பதாகக் கொள்ளாமல், இடங்களுக்கு இடையிலான இணைப்பு அறுவதாலும் அஃபேசியா வரும் என்று எழுதினார். முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் ஆர்குவேட் கற்றை கெட்டால் புரிதலும் பேச்சோட்டமும் பெருமளவு இருக்க, கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் தவறும் என்பது அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. பெரிய தமனிகளின் எல்லைப்புறங்களில் ரத்தம் குறைந்து வரும் அஃபேசியாவில் இதற்கு நேர்மாறாக, மற்றவை கெட்டும் திருப்பிச் சொல்லல் மட்டும் மிஞ்சும். ஆகவே "நாளைக்குச் சந்தைக்குப் போகணும்" என்ற வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது, படம் காட்டிப் பெயர் கேட்பதைவிட, இடத்தை அறிய அதிகம் உதவும்.

முன்பகுதி அஃபேசியா, அதாவது புரோக்கா வகை, தமிழில் எப்படி ஒலிக்கும் என்பதை ஆங்கிலப் பாடநூலின் எடுத்துக்காட்டுகளிலிருந்து ஊகிக்கக் கூடாது. ஆங்கிலத்தில் தனிச் சிறுசொற்கள் விழுகின்றன. தமிழில் இலக்கணம் விகுதிகளிலும் வேற்றுமை உருபுகளிலும் இருக்கிறது. "மக... ஆசுபத்திரி... பஸ்" என்று உருபுகள் உதிர்ந்த பெயர்களாக வருவதும், வினையின் திணை பால் முற்றுகள் எழுவாயோடு பொருந்தாமல் போவதும் நாம் குறித்துவைக்க வேண்டியவை. வெர்னிக் வகையிலோ விகுதிகள் வழுவாமல் ஓட, "அதை அங்கெ வெச்சு அப்படியே பண்ணிட்டு வந்துட்டாங்கல்ல" என்று பெயர்ச்சொல் இல்லாத வாக்கியங்கள் நீளும். வலது அரைக்கோளம் கெட்டவருக்கு இவை எதுவும் இருக்காது. குரலில் உணர்ச்சி போயிருக்கும், கேலி புரியாது, தட்டின் இடப்பாதிச் சோறு தொடப்படாமல் கிடக்கும். இவரையும் நம்மிடம் அனுப்ப வேண்டும் என்பது பல மருத்துவர்களுக்கே தோன்றுவதில்லை.

நீலகிரியில் ஒருவருக்கு ஒரு மொழி மட்டும் இருப்பது அரிது. வீட்டில் படுகு, சந்தையில் தமிழ், கூடலூர்ப் பக்கமானால் மலையாளம், மேற்கொண்டு கன்னடம். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு மலையகத் தமிழ். கோத்தர், இருளர், குறும்பர், பணியர் ஆகியோருக்குத் தத்தம் மொழி. இருமொழியாளரின் மொழிகள் மூளையில் பெரும்பாலும் ஒரே இழைப்பின்னலைப் பகிர்கின்றன. ஆகவே சேதம் பொதுவாக எல்லா மொழிகளையும் தொடும், மீட்சியும் பலருக்கு இணையாகவே நடக்கும். ஆனால் சிலருக்கு ஒன்று முந்தும், சிலருக்கு ஒன்று திரும்பாமலே போகும். எது முந்தும் என்பதைப் புழக்கம், கற்ற வயது, சேதத்தின் இடம் ஆகியவற்றில் எதையும் தனியே வைத்து முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. படுகு பேசும் பெரியவரைத் தமிழில் மட்டும் சோதித்து "புரிதல் குறைவு" என்று எழுதினால், அது மூளையின் குறையா, சோதித்தவரின் குறையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. வாசிப்புச் சோதனையில் சிக்கல் வேறுவகை. அவர் பள்ளியில் படித்தது தமிழில்தான் என்பதால் எழுத்துப் பலகையைத் தமிழில்தான் காட்டியாக வேண்டும். அப்போது வாய்மொழி மதிப்பெண் ஒரு மொழிக்கும் வாசிப்பு மதிப்பெண் இன்னொரு மொழிக்கும் உரியதாகிவிடுகிறது. எந்த மதிப்பெண் எந்த மொழியில் எடுக்கப்பட்டது என்பதையும், வீட்டில் கணக்குப் பார்ப்பதும் சாமி கும்பிடுவதும் எந்த மொழியில் என்று உறவினர் சொன்னதையும் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தால்தான், ஆறு மாதம் கழித்து எடுக்கும் மறுசோதனையை அதனோடு ஒப்பிட முடியும்.